எண்ணெய் விட்ட காற்று

என் வீட்டுக்காரரின் மூக்கு இப்போது இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. விலா எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் மழை வருவதற்கு முன்னால் அது வலிக்க ஆரம்பித்துவிடும். வானிலை அறிக்கையைவிட அந்த விலாவை நம்பலாம். இதையெல்லாம் செய்தது யாரோ ரவுடிகள் இல்லை. கறிக்கடைக்காரர், ஐஸ்காரர், முட்டைக்காரி என்று சந்தையில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர்கள்தான். இன்றைக்கும் காலையில் அவர்களோடுதான் டீ குடிக்கிறேன். ஐஸ்காரரின் முன்கையில் என் பல் பதிந்த தழும்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருக்கும். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

நான் மீன் விற்கிறவள். அவர் காற்றைக் கணக்குப் போடுகிறவர். எங்கள் இருவருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று ஊரே கேட்கும். அவர் என் கடைக்கு மீன் வாங்க வந்தார். பேரம் பேசாமல் வாங்கிப் போனார். பேரம் பேசாத ஆம்பளை ஒன்று பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லை அப்பாவியாக இருக்க வேண்டும். இவர் இரண்டாவது வகை என்று தெரிந்தபோது எனக்கு மனசு போய்விட்டது. "காத்தைக் கணக்குப் போட ஒரு ஆபீஸா? அதுக்குச் சம்பளமா?" என்று என் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சந்தையில் அவருக்குக் காத்துக்காரர் என்று பேர் விழுந்தது. அப்புறம் அவருடைய சொந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் ஆள் தெரியாமல் போனது.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். காற்றை ஆராய்கிற இடம், ஆனால் ஒரு ஜன்னலும் திறக்காது. பக்கத்து அறையில் அலமாரி அலமாரியாகக் கணினிகள் இரைந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்னால், புயல் அதை என்ன பாடுபடுத்தும் என்று அந்தக் கணினிகளுக்குள் அடித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. எனக்குப் புரிய வைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் என் தொழிலுக்கே வந்தார்.

"காத்து நேராப் போறதில்ல. சுவர்ல மோதும், மூலையில சுழலும், பெரிய சுழல் உடைஞ்சு சின்னச் சுழலாகும், அது உடைஞ்சு இன்னும் சின்னதாகும். அதையெல்லாம் பிடிக்கணும். அதனால காத்தை முழுக்கத் துண்டு துண்டாப் பிரிச்சு ஒரு வலை மாதிரி பண்ணிடுவோம். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டைத் தள்ளுறதும் இழுக்கிறதும் ஒரு கணக்கு. கோடித் துண்டுக்குக் கோடிக் கணக்கு."

"வலைக் கண்ணு பெரிசா இருந்தா பொடி மீன் ஓடிடுமே?" என்றேன்.

"அதேதான். அதனால கூரை மூலைகிட்ட மட்டும் கண்ணைப் பொடிசு பண்ணுவோம். ஆளைக் கொல்லுறது அந்தப் பொடிசுதான்."

கொல்லுறது என்ற வார்த்தையை அவர் சும்மா சொல்லவில்லை. சின்ன வயதில் அவர் தெருவில் ஒரு புயல் அடித்தது. அக்கா கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சந்துக்கு ஓடினாள், இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கூரையின் தகரம் ஒன்று கழன்று, சீட்டுக்கட்டில் உருவிய சீட்டு மாதிரி பறந்து வந்து, அக்காவின் கழுத்தில் இறங்கியது. தலை துண்டாகவில்லை. துண்டாகியிருந்தால் அவள் வாய் அசைவதை அவ்வளவு நேரம் அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மழை நின்றதும் அவருடைய அப்பா எதிர்வீட்டுக்காரரை நடுத்தெருவில் போட்டு, முகம் அடையாளம் தெரியாமல் போகும்வரை மிதித்தார். அந்த ஆள் ஒரு ஆணி குறைவாக அடித்ததைத் தவிர வேறு பாவம் செய்யாதவர். மாமனாருக்குப் பிடித்த பழமொழி அடியாத மாடு படியாது என்பது. அதை வீட்டிலும் கடைப்பிடித்தார்.

இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்த மனிதர் யார்மேலும் கை ஓங்கியதில்லை. கொசுவைக்கூட அடிக்காமல் விரட்டுவார். எனக்குக் கோபம் வந்து ஒருமுறை சட்டியை எறிந்தேன். குனிந்து, நெளிந்த சட்டியை எடுத்து, தட்டி நேராக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குமேல் அந்த ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் சந்தைக்குப் புதுக் கூரை போட முடிவானபோது அந்தக் கணக்கு அவர் மேசைக்குத்தான் வந்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்த வாசல், மேலே பரந்த இரும்புத் தகட்டுக் கூரை. "உன் தலைக்கு மேல இருக்கப்போற கூரை" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அப்போது ஒன்று சொன்னார், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கூரையைக் காத்து தள்ளிட்டுப் போகுதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. தள்ளி ஒண்ணும் போகாது. மூலைக்கு மேல சுழல் உட்கார்ந்துக்கிட்டு உறிஞ்சும். உள்ள புகுந்த காத்து கீழேருந்து தூக்கும். வெளியிலேருந்து இழுத்தாத்தான் கூரை போகும்."

இனி அவர் செய்த தப்பைச் சொல்கிறேன். அந்தத் தொழிலில் இருப்பவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. இந்தக் கணக்குகள் வெடிக்கும். நிஜமாகத் தீப்பிடிக்காது, ஆனால் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சும்மா இருந்த காற்று திடீரென்று புயலாக அடிக்கத் தொடங்கும்போது ஏதோ ஒரு துண்டில் எண் தறிகெட்டு ஓடும். அது பக்கத்துத் துண்டையும் கெடுக்கும், கொஞ்ச நேரத்தில் மொத்தமும் நாசம். அதைத் தடுக்க, ஆரம்பத்தில் மட்டும் காற்றைப் பொய்யாகக் கெட்டியாக்குவார்கள். காற்றுக்குப் பதில் எண்ணெய் ஓடுவது மாதிரி கணக்கு நிதானமாக நகரும். ஆபீஸில் இதற்கு எண்ணெய் விடுவது என்று பேர். ஓட்டம் நிலைக்கு வந்ததும் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் எண்ணெய் சின்னச் சுழல்களை முழுங்கிவிடும்.

இவர் எடுத்தார். எடுத்த பிறகு கரண்டு போனது. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து கணக்கை ஓட்டினார். கணினி ஓட்டத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது, எண்ணெயை மட்டும் ஆரம்பத்தில் இருந்த மாதிரியே திரும்ப விட்டுக்கொண்டது. அதை அவர் பார்க்கவில்லை. கணக்கு ஒருமுறைகூட முரண்டு பிடிக்காமல், வழவழவென்று முடிந்தது. வீட்டில் குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் பெற்றவள் எழுந்து போய்ப் பார்ப்பாள். இவரும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் பாராட்டினார்கள், அந்தக் கணக்கை வைத்து மூலைக்குப் போல்ட் போட்டார்கள், கூரை ஏறியது.

புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் வேறொரு கட்டடத்துக்காகப் பழைய கணக்கைத் திறந்தவர், கடைசிவரை எண்ணெய் நின்றிருப்பதைக் கண்டார். முழுக்கப் போட நேரமில்லை. மூலைப் பக்கத்தை மட்டும் எண்ணெய் இல்லாமல் ஓட்டினார். முடிவு வந்த அன்று காலையில் வானம் கறுத்திருந்தது. மூலையில் இழுப்பு, போல்ட் தாங்குவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மேலாளரிடம் ஓடினார். "எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் உட்கார்ந்து பேசுவோம்" என்றார் அந்தப் புண்ணியவான். ஒரு போன் பண்ணக்கூட அவருக்குக் கை வரவில்லை. பஸ் நின்றுவிட்டதால் இவர் மழையில் ஓடியே சந்தைக்கு வந்தார்.

சந்தைக்குள் அப்போது நிற்க இடமில்லை. காற்று ஏற ஏற வெளியே கடை போட்டவர்களும் மூட்டை முடிச்சோடு உள்ளே வந்துவிட்டார்கள். வழியில் போனவர்களும் ஒதுங்கியிருந்தார்கள். புதுக் கூரை, பலமான கூரை என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

"எல்லாரும் வெளிய போங்க! கூரை நிக்காது!" என்று நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்று கத்தினார்.

கறிக்கடைக்காரர்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர். கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என்ன காத்துக்காரரே, உங்களுக்கே காத்து கருப்பு அடிச்சிருச்சா?"

"அண்ணே, விளையாட்டில்ல. கணக்கு தப்பாப் போச்சு. நான்தான் தப்பாப் போட்டேன். தயவு செஞ்சு எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"இந்த மழையிலயா? போங்க, போய்த் தலையைத் துவட்டுங்க."

அவர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தார், முதுகில் கை வைத்துத் தள்ளினார். யாரும் ஓரடி நகரவில்லை. முட்டைக்காரி திருப்பித் தள்ளியதில் கீழே விழுந்து எழுந்தார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"நீயாவது வா. என்னை நம்ப மாட்டியா?"

"உங்களை நம்புறேங்க. உங்க கணக்கைத்தான் நம்ப முடியல. மொதக் கணக்கு தப்புன்னா ரெண்டாவது மட்டும் எப்படிச் சரியாகும்?"

நியாயமான கேள்விதான். இப்போது கேட்டாலும் அதையேதான் கேட்பேன். அவர் அண்ணாந்து என் கடைக்கு மேலிருந்த மூலையைப் பார்த்தார். தகடு துடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியாத முகமாக மாறியது.

சுவரில் சாத்தியிருந்த, ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியை எடுத்தார். முதல் அடி முட்டை அடுக்கில் விழுந்தது. மஞ்சள் கரு சுவர்வரை தெறித்தது. அடுத்து ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார். என் தராசை என் கண் முன்னாலேயே இரண்டாக உடைத்தார். பக்கத்தில் வெங்காயக்காரர் உட்கார்ந்திருந்தார். யாரையும் ஏறிட்டுப் பேசாத, கடன் கேட்டால்கூட மன்னிப்புக் கேட்கிற மாதிரி கேட்கிற மனிதர். அவர் தலைக்கு மேல் கம்பி ஓங்கியது. அப்படியே நின்றது. வெங்காயக்காரர், "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கம்பி இறங்கி வெங்காயக் குவியலைச் சரித்துவிட்டுப் போனது.

நேராகக் கறிக்கடைக்காரரிடம் போனார். கம்பியைச் சுழற்றித் தாடையில் விட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆட்டுக் கால் வெட்டும்போது கேட்கிற சத்தம்தான். பல்லும் ரத்தமும் கறி மேலேயே விழுந்தன. அப்புறம் கம்பியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். ஓடினவர் முழுசாக ஓடவும் இல்லை. கொட்டுகிற மழையில் முற்றத்துக்கு நடுவில் நின்று, திரும்பி, சங்கத் தலைவரின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். சந்தையில் பிறந்து வளர்ந்த எனக்கே அதில் சில வார்த்தைகள் புதுசு.

அதற்குமேல் யார் உள்ளே நிற்பார்கள்? கறிக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் ஓட, ஐஸ்காரர், முட்டைக்காரி, கூலிக்காரர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று மொத்தச் சந்தையும் வாசலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. முதல் குத்தில் மூக்கு போனது. கீழே விழுந்ததும் மிதித்தார்கள். ஒருவன் மீன் கூடையால் அடித்தான். தடுக்க நீட்டிய கையை ஐஸ்காரர் செருப்புக் காலால் தரையோடு வைத்து நசுக்கினார். விரல்கள் போனது அப்போதுதான்.

நான் மீன் கத்தியோடுதான் கிளம்பினேன். கத்தியோடு போனால் கொலை விழும் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். வாசலிலேயே அதை எறிந்துவிட்டு ஓடினேன். முட்டைக்காரியின் கொண்டையைப் பிடித்துச் சேற்றில் இழுத்துப் போட்டேன். ஐஸ்காரரின் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது, ஆனால் பல்லை எடுக்கவில்லை. என் வயிற்றில் யாரோ உதைத்தார்கள். "விடுங்கடா, செத்துடுவாருடா!" என்று நான் அலறியது என் காதுக்கே கேட்கவில்லை. அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. எல்லோருடைய கால்களுக்கும் இடையில், எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டே அடி வாங்கினார்.

"உள்ள யாரு?" என்றார். "உள்ள யாராவது இருக்காங்களா?"

அப்போது அந்தச் சத்தம் வந்தது. போல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. என் கடைக்கு மேலிருந்த மூலை எழுந்தது. அவர் சொன்ன மாதிரியே, யாரோ மேலேயிருந்து பிடித்து உரிக்கிற மாதிரி, கூரை பின்பக்கமாக உரிந்துகொண்டு போனது. தகடுகள் பின்தெருவில் போய் விழுந்து சுவர்களை அறுத்தன. பிடிமானம் போன இரும்புச் சட்டங்கள் கோணி, முறுகி, மொத்தமாக உள்ளே இறங்கின. முட்டைக்காரி ஓங்கிய கை ஓங்கினபடியே நின்றது. தாடை தொங்கிக்கொண்டிருந்த கறிக்கடைக்காரர் தன் கடை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு சேற்றில் முழங்காலிட்டு, தான் மிதித்த உடம்பைத் தானே தூக்க முயன்றார்.

உள்ளே ஒரே ஒருவர் இருந்தார். எல்லோரும் கோபத்தில் வெளியே ஓடியபோது வெங்காயக்காரர் ஓடவில்லை. அவருக்குக் கோபம் வராது. சரிந்த வெங்காயத்தைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, கவிழ்ந்திருந்த மற்றவர்கள் கடையையும் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சட்டத்தைத் தூக்கியபோது அவர் மடியில் வெங்காயம் இருந்தது. நெஞ்சு இருந்த இடம் தட்டையாகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கும்பலாக வந்தார்கள். அடித்த கையாலேயே கும்பிட்டார்கள். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?" என்று முட்டைக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். கம்பி போட்டுத் தாடையைக் கட்டியிருந்த கறிக்கடைக்காரர் பேச முடியாமல் இவர் காலைத் தொட்டார். இவர் காலை இழுத்துக்கொண்டார். "எண்ணெயை எடுக்காதது நான்தான்" என்றார். அவர்களுக்கு அது புரியவில்லை. மருந்து மயக்கம் என்று நினைத்தார்கள். விசாரணைக்கு வந்தவர்களுக்குப் புரிந்தது. அவர்களிடமும் அதையேதான் சொன்னார், ஒரு வார்த்தை மாற்றவில்லை. வேலை போனது. அந்த மேலாளர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார் என்று கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டேன். "தெரிஞ்சேதான் அடிச்சீங்களா? இல்ல புத்தி பேதலிச்சா?"

"தள்ளிப் பார்த்தேன், யாரும் போகல" என்றார். "வெளியிலேருந்துதான் இழுக்க வேண்டியிருந்துச்சு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் அவருடைய அப்பாவின் குரல் கேட்டதோ என்னவோ, எழுந்து போய்விட்டார்.

வெங்காயக்காரரின் மனைவி காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து நின்றார். முதல் அடி கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது, கூடியும் கூடாத மூக்கில். ரத்தம் சட்டையில் இறங்கியது. இவர் கையைத் தொங்கவிட்டபடி நின்றார். என் கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூச்சு வாங்கியதும் அவள் நிறுத்தினாள். செருப்பு கையிலிருந்து நழுவியது.

"எல்லாரையும் வெளிய கொண்டுவந்தியே தம்பி. எம் புருஷன்கிட்ட வந்து வெங்காயத்தை மட்டும் கொட்டிட்டுப் போயிட்டியே. கொட்டினா அவர் பொறுக்கத்தானே செய்வாரு? மூஞ்சியில ஒரே ஒரு அடி குடுத்திருக்கக் கூடாதா? வலி தாங்காமயாவது எந்திரிச்சு வெளிய வந்திருப்பாரே."

இவர் உதடு கிழிந்திருந்தது. பேச்சு குழறியது.

"கம்பியை ஓங்கிட்டேங்கக்கா. உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. அடிக்க மனசு வரல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன், இரண்டு பேருக்கும்.